மனப்பயிற்சி மாதத் தவணை கட்டுமா?

நாற்பதைத் தாண்டியவருக்கு வேலை போனால், அல்லது இருக்கிற வேலை இனி ரொம்ப நாள் ஓடாது என்று தெரிந்தால், அவர் காதில் முதலில் விழும் உபதேசம் இதுதான்: "தடை வெளியே இல்லை சார், உங்க மனசுலதான் இருக்கு. நல்ல கோச் ஒருத்தரைப் பிடிங்க." லிங்க்ட்இனிலும் யூடியூபிலும் இதே பாட்டு. ஆளை அனுப்புகிற நிறுவனமே சில நேரங்களில் கடைசி நாள் கடிதத்தோடு இரண்டு மூன்று 'கேரியர் கோச்சிங்' அமர்வுகளையும் சேர்த்துக் கொடுக்கிறது. உங்களுக்கு உண்மையில் எது பிடிக்கும் என்று கண்டுபிடியுங்கள், பயத்தை உதறுங்கள், உங்களை நீங்களே புதிதாக வார்த்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் தானாக அமையும் என்கிறார்கள்.

அமையாது என்பது என் வாதம். கோச்சிங் முழுக்க மோசடி என்று சொல்ல நான் வரவில்லை. நடுவயதில் தொழில் மாறுவது முதலில் காசு, அவகாசம், சட்டம், பழகிய மனிதர்கள் ஆகிய நான்கையும் பொறுத்த விஷயம். மனம் அதற்கு அடுத்த வரிசையில்தான் வருகிறது. இந்த வரிசையைத் தலைகீழாக்கினால், வேலை இழந்தவரே அதற்குக் குற்றவாளியாகவும் ஆகிறார், அந்தக் குற்றத்தைத் தீர்த்துக்கொள்ளக் கட்டணம் கட்டுபவராகவும் ஆகிறார்.

எதிர்த்தரப்பின் நியாயத்தை முதலில் குறையில்லாமல் சொல்லிவிடலாம். ஒரே துறையில் பதினைந்து, இருபது ஆண்டுகள் இருந்தவருக்குத் தன் திறமை எது, தன் பதவிப் பெயர் எது என்று பிரித்துப் பார்ப்பது கடினம். வீட்டில் மனம்விட்டுப் பேசக் கூச்சம். நண்பர்களிடம் பேசினால் ஆறுதல் கிடைக்கும், இல்லாவிட்டால் பீதி கிடைக்கும். அந்த நிலையில், பொறுமையாகக் கேட்கிற ஒரு வெளியாள், "போன வாரம் பேசுவதாகச் சொன்ன மூன்று பேரிடம் பேசினீர்களா?" என்று கணக்குக் கேட்கிற ஒருவர் இருப்பது உதவிதான். ஆய்வுகளும் ஓரளவு இதை ஆதரிக்கின்றன. சோங்சி லியூ, ஜேசன் ஹுவாங், மோ வாங் மூவரும் 47 ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வெளியிட்ட பகுப்பாய்வில், வேலை தேடுவதற்கான பயிற்சித் திட்டங்களில் சேர்ந்தவர்களுக்கு வேலை கிடைக்கும் சாத்திய விகிதம் சேராதவர்களைப் போல் 2.67 மடங்காக இருந்தது.

கோச்சிங் ஆதரவாளர்களுக்கு இந்த எண் இனிக்கும். ஆனால் அதே ஆய்வு இன்னும் இரண்டு விஷயங்களைச் சொல்கிறது. முதலாவது, வேலை தேடும் திறனைக் கற்றுக்கொடுப்பதும் ஊக்கம் கொடுப்பதும் சேர்ந்திருந்த திட்டங்கள்தான் பலன் தந்தன. வெறும் ஊக்கத்தால் பலன் இல்லை. இரண்டாவது, இளையவர்களுக்கும் வயதில் மூத்தவர்களுக்கும் கிடைத்த அளவு பலன் நடுவயதினருக்குக் கிடைக்கவில்லை. நீண்ட நாள் வேலையில்லாமல் இருந்தவர்களுக்கும் பலன் குறைவு. அதாவது, எந்த வயதினரைக் குறிவைத்து இந்தச் சரக்கு விற்கப்படுகிறதோ அவர்களுக்குத்தான் இது குறைவாகப் பலித்திருக்கிறது. தவிர, ஆய்வுக்கு உட்பட்டவை பாடத்திட்டத்தோடு நடந்த வேலை தேடல் திட்டங்கள். தனியாகக் கட்டணம் வாங்கிக்கொண்டு "உங்கள் உள்ளே பாருங்கள்" என்று சொல்லும் அமர்வுகளுக்கு அந்த எண்ணைக் கடன் வாங்க முடியாது.

ஊக்கப் பேச்சாளர்கள் காட்டும் உதாரணங்களைப் பாருங்கள். கே.எஃப்.சி.யின் கர்னல் சாண்டர்ஸ் இல்லாத மேடை இல்லை. அறுபத்தைந்து வயதில் எல்லாவற்றையும் இழந்து, பூஜ்யத்திலிருந்து தொடங்கி ஜெயித்தாராம். நடந்த வரலாறு வேறு. 1890-இல் பிறந்த சாண்டர்ஸ் 1930-லேயே கென்டக்கி மாநிலம் கார்பினில் சாலையோரம் சாப்பாடு போட ஆரம்பித்துவிட்டார். அந்த உணவகம் பேர் பெற்றது. அவருடைய முறைப்படி கோழி வறுத்து விற்கும் முதல் உரிமத்தை ஒரு நண்பர் யூட்டா மாநிலத்தில் 1952-இல் எடுத்துக்கொண்டார். புதிய நெடுஞ்சாலை ஊரை ஒதுக்கிவிட்டுப் போனதால் கார்பின் கடையின் வியாபாரம் படுத்து, அதை அவர் விற்றது அதற்குப் பிறகு, 1956-இல். இருபது வருடத்துக்கு மேல் தெரிந்த அதே தொழிலை, ஏற்கெனவே தன்னை நம்பிய மனிதர்கள் வழியாக, விற்கும் விதத்தை மட்டும் மாற்றிச் செய்தார் என்பதுதான் அந்தக் கதை. மனத்தடையை உடைத்துப் புது மனிதர் ஆன கதை அதில் எங்கே இருக்கிறது? கைத்தொழிலும் பழக்கமும் கைகொடுத்த கதையைத்தான் மேடையில் மனவலிமைக் கதையாக மாற்றிச் சொல்கிறார்கள்.

"உனக்குப் பிடித்தது எது என்று முதலில் கண்டுபிடி, பிறகு அதை நோக்கிப் போ" என்பது இந்த உபதேசத்தின் இரண்டாவது தூண். தொழில் மாற்றத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஹெர்மினியா இபாரா, 2003-இல் வெளிவந்த தன் நூலில் இதை நேராக மறுக்கிறார். நடுவழியில் வெற்றிகரமாகத் தொழில் மாறியவர்கள் உட்கார்ந்து யோசித்து விடையைக் கண்டுபிடித்துவிட்டுப் புறப்பட்டவர்கள் அல்லர் என்பது அவர் கண்டது. சின்னச் சின்னதாகச் செய்து பார்த்தார்கள், வேறு வட்டத்து மனிதர்களோடு பழகினார்கள், செய்தபிறகே தங்களுக்கு எது ஒத்துவரும் என்று தெரிந்துகொண்டார்கள். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் பாட்டிமார் சொன்னதும் இதே அறிவுதான். ஆழம் பார்க்க இறங்கத்தான் வேண்டும், ஒரு காலை மட்டும். வாரக்கடைசியில் ஒரு சின்ன வேலை, மாலை நேரப் படிப்பு, தெரிந்தவர் நிறுவனத்தில் ஒரு மாதம் உடனிருந்து பார்ப்பது என்று அதற்கு வழிகள் உண்டு. இவற்றுக்கெல்லாம் அவகாசம் வேண்டும். அவகாசத்துக்குக் காசு வேண்டும். எட்டு அமர்வுகளில் 'உங்கள் நோக்கத்தை' கண்டுபிடித்துத் தருவதாகச் சொல்பவரிடம் இரண்டுமே கிடையாது.

வேலை யார் மூலம் கிடைக்கிறது என்பதும் மனநிலையைப் பொறுத்த விஷயம் இல்லை. அமெரிக்காவின் நியூட்டன் நகரில் தொழில்நுட்ப, நிர்வாகப் பணியாளர்களிடம் மார்க் கிரானோவெட்டர் விசாரித்து 1973, 1974-இல் எழுதியவை இன்றும் பேசப்படுகின்றன. தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில் பெரும்பாலோருக்கு உதவியவர்கள் நெருங்கிய நண்பர்கள் அல்லர். எப்போதாவது சந்திக்கிற, பாதி மறந்துபோன பரிச்சயங்கள். ஏறக்குறைய இரண்டு கோடி லிங்க்ட்இன் பயனர்களை ஐந்து ஆண்டுகள் கவனித்து 2022-இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்த ஆய்வும், வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவுவது ஓரளவு பலவீனமான இத்தகைய தொடர்புகள்தான் என்று காட்டியது. இப்போது நம் ஊருக்கு வருவோம். முதல் தலைமுறையாகப் பொறியியல் படித்து, வளாகத் தேர்வில் நுழைந்து, பதினெட்டு வருடம் ஒரே கம்பெனியில் இருந்தவரின் பரிச்சய வட்டம் எவ்வளவு பெரியது? அப்பாவும் மாமாவும் அதே துறையில் இருந்தவருக்குப் பிறப்பிலேயே கிடைத்த வட்டம் இவருக்கு இல்லை. ஊர், சாதி, குடும்பம், படித்த கல்லூரி எல்லாம் சேர்ந்து தீர்மானித்த ஏற்றத்தாழ்வு இது. இதைத் 'தன்னம்பிக்கைக் குறைவு' என்று பெயரிட்டு அவர் தலையிலேயே கட்டுவதை எந்த நியாயத்தில் சேர்ப்பது?

வாதத்தின் மையம் காசு. 2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் ஊழியர்களில் சுமார் 2 விழுக்காட்டினரை, அதாவது 12,000 பேருக்கு மேல், அனுப்பப் போவதாக அறிவித்தது. பெரும்பாலும் நடுமட்ட, மேல்மட்டப் பணியாளர்களே பாதிக்கப்படுவார்கள் என்றும் சொன்னது. அதற்குச் சற்று முன்புதான், ஆண்டுக்கு 225 நாட்கள் வாடிக்கையாளரிடம் கட்டணம் வாங்கக்கூடிய பணியில் இருக்க வேண்டும், புராஜெக்ட் இல்லாமல் பெஞ்ச்சில் 35 நாட்களுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி அங்கே வந்திருந்தது. ஒரு புராஜெக்ட் முடிவதும் அடுத்தது கிடைப்பதும் ஊழியரின் மனத்துக்குள் நடக்கிற காரியங்களா? வாடிக்கையாளர் செலவைக் குறைத்தால், தொழில்நுட்பம் மாறினால், நிறுவனம் தன் சம்பளக் கூம்பின் நடுப்பகுதியை மெலிய வைக்க முடிவெடுத்தால், எவ்வளவு நேர்மறையாகச் சிந்தித்தாலும் முப்பத்தாறாவது நாள் வந்தே தீரும்.

வந்த பிறகு என்ன ஆகிறது? சோழிங்கநல்லூரிலோ நாவலூரிலோ இருபதாண்டுக் கடனில் அடுக்ககம் வாங்கியவருக்கு மாதா மாதம் ஈ.எம்.ஐ. போய்க்கொண்டிருக்கும். பிள்ளைக்குப் பத்தாம் வகுப்பு, அம்மாவுக்கு மருந்து, கம்பெனி கொடுத்த மருத்துவக் காப்பீடு கடைசி வேலைநாளோடு சரி. இந்தியாவில் வேலை இழந்தவருக்கான உதவித்தொகை என்று சொல்லத்தக்கது, ஈ.எஸ்.ஐ. வழியாக 2018 முதல் நடக்கும் அடல் திட்டம். ஊதியத்தில் பாதி, 90 நாட்கள் வரை. ஆனால் ஈ.எஸ்.ஐ.யின் ஊதிய வரம்பு மாதம் 21,000 ரூபாய். நடுமட்ட ஐ.டி. ஊழியர் அந்த வரம்பைப் பணியின் தொடக்க ஆண்டுகளிலேயே தாண்டிவிடுகிறார். மிச்சம் இருப்பது பணிக்கொடையும் பி.எஃப்.பும். ஓய்வுக்காலச் சேமிப்பைத் தின்றுகொண்டுதான் இந்த நாட்டில் நடுவயதுக்காரர் அடுத்த வேலையைத் தேடுகிறார். அப்படிப்பட்டவரிடம் "ரிஸ்க் எடுக்கத் தயங்குகிறீர்கள்" என்று ஒருவர் குறை சொன்னால், தயங்குகிறவருக்கு வீட்டு நிலவரம் தெரியும், குறை சொல்பவருக்கு அது தெரியாது என்றுதான் அர்த்தம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பது இன்னும் முக்கியம், அதைப் பற்றித்தான் உபதேசிகள் வாயே திறப்பதில்லை. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் வகுத்தபடி, ஆட்குறைப்பு செய்யும் நிறுவனம் முன்னறிவிப்பு தர வேண்டும். பணியாற்றிய ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் ஊதியத்தை இழப்பீடாகக் கொடுக்க வேண்டும். கடைசியாகச் சேர்ந்தவரையே பொதுவாக முதலில் அனுப்ப வேண்டும். இந்தச் சட்டத்திலிருந்து ஐ.டி. துறைக்கு விலக்கு இல்லை என்று தமிழக அரசு 2016-இல் தெளிவுபடுத்தியது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்திலும் இந்த அடிப்படை தொடர்கிறது. ஐ.டி. துறையில் நடப்பதோ நேர்மாறு: பழையவர், அதாவது சம்பளம் கூடியவர், முதலில் போகிறார். அதுவும் ஆட்குறைப்பு என்ற பேரில் போவதில்லை. மனிதவளத் துறையின் ஓர் அறையில் உட்காரவைத்து, "நீங்களே பேப்பர் போட்டுவிட்டால் ரெக்கார்டு சுத்தமாக இருக்கும்" என்று சொல்லி ராஜினாமாவாக எழுதி வாங்கப்படுகிறது. கையெழுத்து விழுந்த நிமிடத்தில் இழப்பீடு கேட்கும் உரிமை பலவீனமாகிவிடுகிறது.

மேனேஜர் என்ற பெயர் இருந்தாலே சட்டப் பாதுகாப்பு போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். நீதிமன்றங்கள் பதவியின் பெயரைவிட, அவர் உண்மையில் பார்த்த வேலை என்ன என்பதைத்தான் பார்க்கின்றன. அந்த அறைக்குள் போகும் முன் ஒருவருக்குத் தேவைப்படுவது இந்தத் தகவல். கோச்சிங் துறையின் இலக்கணமே இதற்கு எதிரானது. 1995-இல் தொடங்கப்பட்ட சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பு, கோச் என்பவர் ஆலோசகர் அல்லர், ஆலோசனை சொல்வது அவர் வேலையல்ல, கேள்விகள் மூலம் உங்களிடமிருந்தே விடையை வரவழைப்பதுதான் அவர் வேலை என்கிறது. விடை என்னிடம் இருந்தால் சரி. ஆட்குறைப்புச் சட்டமும், எந்தத் துறையில் நாற்பத்திரண்டு வயதுக்காரரை எடுக்கிறார்கள் என்ற நிலவரமும் என் ஆழ்மனத்தில் எப்படி இருக்கும்?

தகுதி பற்றியும் ஒரு வார்த்தை. அந்தக் கூட்டமைப்பின் முதல்நிலைச் சான்றிதழுக்கு 60 மணி நேரப் பயிற்சியும் 100 மணி நேர அனுபவமும் வேண்டும். அடுத்த நிலைக்கு 125 மணி நேரமும் 500 மணி நேரமும். எந்த நிலையிலும் வேலைச் சந்தை பற்றிய அறிவு கட்டாயம் இல்லை. இந்தச் சான்றிதழ்கூட இல்லாமல் யார் வேண்டுமானாலும் நாளை காலை 'கேரியர் கோச்' என்று அட்டை அடித்துக்கொள்ளலாம். நம் நாட்டில் உரிமம் கேட்பவர் யாரும் இல்லை. வேலை போன பிறகு அதையே தொழிலாக எடுத்துக்கொண்டவர்களும் உண்டு.

பெண்கள் விஷயத்தில் இந்த உபதேசம் இன்னும் கொடுமையாகிறது. குழந்தை வளர்ப்புக்காகவோ மாமியாரைப் பார்த்துக்கொள்ளவோ ஐந்தாறு வருடம் விலகி இருந்துவிட்டுத் திரும்ப முயல்பவரிடம் "உங்களுக்குள் இருக்கும் 'நான் போலி' என்ற உணர்வை வெல்லுங்கள்" என்கிறார்கள். அவரைத் தடுப்பது ரெஸ்யூமேயில் இருக்கும் இடைவெளியைப் பார்த்ததும் கதவைச் சாத்துகிற நிறுவனமும், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத வீடும். வயது வரம்பும் அப்படித்தான். அமெரிக்காவில் நாற்பதைத் தாண்டியவரை வயதைக் காட்டி ஒதுக்குவதற்கு எதிராக 1967 முதல் சட்டம் இருக்கிறது. இந்தியாவின் தனியார் துறைக்கு அப்படி ஒரு பொதுச் சட்டம் இல்லை. விளம்பரத்திலேயே '35 வயதுக்குள்' என்று அச்சடிக்கலாம். சட்டப்படி சாத்தி வைத்திருக்கும் கதவின் முன்னால் நிற்பவரிடம் மனக்கதவைத் திறக்கச் சொல்வது கேலி.

"அப்படியானால் காசு இருப்பவர் மட்டும்தான் மாற முடியுமா? விரக்தியைப் போதிக்கிறீர்களே" என்று கேட்பார்கள். இல்லை. வழிகாட்டலை அதற்குரிய இடத்தில் வையுங்கள் என்கிறேன். அப்படி வைத்த நாடுகள் இருக்கின்றன. ஸ்வீடனில் 1974-லேயே முதலாளிகளும் வெள்ளைக்காலர் ஊழியர்களின் சங்கங்களும் ஒப்பந்தம் போட்டு ஒரு வேலைப் பாதுகாப்பு மன்றத்தை அமைத்தார்கள். நிறுவனங்கள் தங்கள் மொத்தச் சம்பளத்தில் ஒரு சிறு பங்கை அதற்குக் கட்டுகின்றன. ஆட்குறைப்பில் போகிறவருக்கு அங்கிருந்து ஓர் ஆலோசகர் வருகிறார். அவரும் கேள்வி கேட்பார்தான், ஆனால் அவர் கையில் பயிற்சிக்கான நிதியும் நிறுவனங்களின் தொடர்பும் இருக்கும். 2022 முதல், குறைந்தது எட்டு ஆண்டுகள் வேலை பார்த்த நடுவயதினர் மறுபடி படிக்கப் போனால், ஊதிய இழப்பில் 80 விழுக்காடு வரை, ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு, 44 வாரங்களுக்கு உதவி உண்டு.

ஸ்வீடன் தூரம் என்றால் சிங்கப்பூரைப் பாருங்கள்; தமிழ் ஆட்சிமொழியாக இருக்கும் நாடுதான். 2024 மே மாதம் முதல் நாற்பது வயதைத் தாண்டிய குடிமக்களுக்கு 4,000 சிங்கப்பூர் வெள்ளி பயிற்சிக் கணக்கில் சேர்க்கப்படுகிறது. முழுநேரமாகப் படிப்பவர்களுக்கு 2025 முதல் மாதம் 3,000 வெள்ளி வரை, வாழ்நாளில் 24 மாதங்கள் வரை படித்தொகை உண்டு. அரசின் வேலைவாய்ப்பு மையங்களில் தொழில் ஆலோசகரைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். அங்கே ஆலோசகர் "மாறலாம், பயப்படாதீர்கள்" என்று சொல்லும்போது அந்தச் சொல்லுக்குப் பின்னால் பணம் இருக்கிறது. இங்கே அதே சொல்லுக்குப் பின்னால் அடுத்த அமர்வுக்கான கட்டண ரசீதுதான் இருக்கிறது.

அவை பணக்கார நாடுகள், நமக்குக் கட்டுப்படியாகாது என்பதும் முழு உண்மை இல்லை. நம்முடைய புதிய தொகுப்புச் சட்டத்திலேயே மறுதிறன் நிதி என்று ஒன்று இருக்கிறது. ஆட்குறைப்புக்கு ஆளாகும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் 15 நாள் ஊதியத்தை நிறுவனம் அதில் கட்ட வேண்டும். அது 45 நாட்களுக்குள் தொழிலாளியின் கணக்குக்குப் போக வேண்டும். பதினைந்து நாள் ஊதியத்தில் யார் எந்தத் தொழிலைக் கற்றுக்கொள்ள முடியும்? நிர்வாகப் பணியில் இருப்பவர்களும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர்களும் இதற்குள் வரவே மாட்டார்கள். ஆனால் அந்த நாட்களின் எண்ணிக்கையை அறிவிக்கை மூலம் மாற்றச் சட்டமே மத்திய அரசுக்கு இடம் கொடுத்திருக்கிறது. வேறு வழிகளில் நிதி சேர்ப்பதற்கும் இடம் உண்டு. தமிழக அரசு 2022-இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் மாணவர்களுக்குக் கதவு திறந்தது. நாற்பத்தைந்து வயது டெஸ்டிங் மேனேஜருக்கு அதுபோல் ஒரு கதவு ஏன் இருக்கக் கூடாது? இந்தக் கேள்விகளைக் கேட்கவிடாமல் செய்வதுதான் 'எல்லாம் மனசுலதான்' உபதேசத்தின் உண்மையான தீமை. கூடிக் கேட்க வேண்டியவர்கள் ஆளுக்கொரு அறையில் கண்ணாடி முன் நின்று தங்களைத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தக் கட்டுரையைப் படிக்கும்போது நீங்களே அந்த இடத்தில் இருந்தால், வரிசையை மாற்றாதீர்கள். ராஜினாமாக் கடிதத்தில் உடனே கையெழுத்துப் போடாதீர்கள், யோசிக்க அவகாசம் கேளுங்கள். தொழிலாளர் சட்டம் தெரிந்த வழக்கறிஞரையோ, சென்னையில் இயங்கும் ஐ.டி. ஊழியர் சங்கங்களையோ பாருங்கள். எத்தனை மாதச் செலவுக்குக் கையில் இருக்கிறது என்று வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துக் கணக்குப் போடுங்கள். பழைய டீம்காரர்கள், கல்லூரி சீனியர்கள், ஒருகாலத்தில் உங்களோடு வேலை பார்த்து விலகிப் போனவர்கள் எல்லோருக்கும் போன் செய்யுங்கள். புதுத் துறையைச் சின்ன அளவில் செய்து பாருங்கள். இதற்கெல்லாம் பிறகும் தடுமாற்றம் இருந்தால் கோச்சிடம் போங்கள். போனதும் மூன்று கேள்வி கேளுங்கள்: என் வயதில், என் துறையிலிருந்து வந்த எத்தனை பேருக்கு உதவியிருக்கிறீர்கள், அவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள்? நான் போக நினைக்கும் துறையில் யார் ஆள் எடுக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? எந்தக் கட்டத்தில் "இனி என்னிடம் வராதீர்கள்" என்று சொல்வீர்கள்? பதில் மழுப்பலாக இருந்தால் அந்தக் கட்டணத்தில் ஒரு மாத ஈ.எம்.ஐ.யைக் கட்டுங்கள்.

ஆட்களை அனுப்பும் நிறுவனங்களுக்குச் சொல்ல வேண்டியதும் ஒன்று உண்டு. அக்கறை இருந்தால் கோச்சிங் கூப்பனைக் கொடுக்காதீர்கள். ஓராண்டுச் சம்பளத்தையும் மருத்துவக் காப்பீட்டையும் கொடுங்கள். மனத்தடையை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.